எதிராளி கையில் என்ன சீட்டு? ஜகார்த்தாவில் ஒரு வெண்கலத்தின் முகவரி

ஜகார்த்தாவின் எல்.ஆர்.டி ரயிலில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்வதற்குள் பாதி வழி போய்விடும். 2019 டிசம்பரில் இந்த ரயில் ஓடத் தொடங்கியபோது மொத்தத் தூரமே 5.8 கிலோமீட்டர்தான். வெலோட்ரோமில் இருந்து பெகாங்சான் துவா வரை ஆறே ஆறு ஸ்டேஷன்கள். ‘இதுக்கு ஒரு ரயிலா’ என்று நம்மூர்க்காரர்கள் கேட்பார்கள். ஆனால் பறக்கும் பாதையில் ஏ.சி பெட்டிக்குள் உட்கார்ந்து, கீழே மோட்டார் சைக்கிள்கள் எறும்பு வரிசையாக நகர்வதைப் பார்த்துக்கொண்டே போவதற்கு 5,000 ரூப்பியா கொடுக்கலாம். நம் காசுக்கு முப்பது ரூபாய்க்குள்தான் வரும்.

பூல்வார்ட் உத்தாரா ஸ்டேஷனில் இறங்கினால் கெலாபா காடிங். கெலாபா என்றால் தேங்காய், காடிங் என்றால் யானைத் தந்தம். தந்த நிறத்தில் காய்க்கும் ஒரு வகைத் தென்னையின் பெயர்தான் ஊருக்கும். 1970-கள் வரை இந்தப் பக்கம் சதுப்பும் வயலுமாகத்தான் இருந்தது. பிறகு வீட்டுமனைகள் வந்தன, மால்கள் வந்தன, நூடுல்ஸ் கடைகள் வந்தன. மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடிக்கொண்டு வந்துவிடும். வேளச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சுற்றுலாப் பயணிகள் சாதாரணமாக இந்தப் பக்கம் வருவதில்லை. அவர்களுக்கு மொனாஸ் நினைவுத்தூண் உண்டு, டச்சுக்காரர்கள் விட்டுப்போன கோத்தா துவா உண்டு. கெலாபா காடிங்குக்கு வருபவர்கள் சாப்பிட வருகிறார்கள், இல்லையென்றால் பாஸ்கெட்பால் பார்க்க வருகிறார்கள். அந்த பாஸ்கெட்பால் அரங்கத்தின் பெயர் பிரிட்டாமா அரீனா. மகாகா ஸ்கொயர் வளாகத்துக்குள் இருக்கிறது. 2018 ஆகஸ்ட் 26 முதல் செப்டம்பர் 1 வரை, ஏழு நாள்கள் மட்டும், அங்கே பந்துக்கு வேலை இல்லை. ஆசிய விளையாட்டுப் போட்டியின் வரலாற்றில் முதன்முறையாக தேசியக் கொடிகளின் கீழ் வீடியோ கேம் ஆடினார்கள்.

ஆறு கேம்கள். அதில் இரண்டு, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதிராளியோடு மோதும் வகை. ஒன்று ஃபின்லாந்தின் சூப்பர்செல் உருவாக்கிய கிளாஷ் ராயல். இன்னொன்று அமெரிக்காவின் பிளிஸார்ட் உருவாக்கிய ஹார்த்ஸ்டோன்.

இந்த இரண்டிலும் அதிர்ஷ்டத்தைத் தாண்டி ஜெயிக்க வைப்பது ஒன்றுதான். எதிரே இருப்பவர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்பதை அவர் செய்வதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சீட்டு ஆடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. கல்யாண மண்டபத்தில் விடிய விடிய ரம்மி ஆடும் பெரியப்பாவைப் பாருங்கள். நாம் கழித்துப் போட்ட ஹார்ட் ஏழை அவர் எடுத்த நொடியிலிருந்து, மேஜையில் இருக்கும் யாரும் ஹார்ட் ஆறையோ எட்டையோ கீழே போட மாட்டார்கள். அதே புத்திதான் இங்கேயும், ஆனால் வேகம் வேறு.

மூன்று நிமிடக் கணக்கு

கிளாஷ் ராயலில் ஒரு ஆட்டம் மூன்று நிமிடம். ஆளுக்கு எட்டு சீட்டுகள், ஆனால் கையில் எப்போதும் நான்குதான் இருக்கும். ஒன்றைப் போட்டால் வரிசையில் காத்திருக்கும் அடுத்த சீட்டு கைக்கு வரும். போட்ட சீட்டு வரிசையின் கடைசிக்குப் போகும். வேறு நான்கு சீட்டுகளை இறக்கினால்தான் அது மறுபடியும் கைக்கு வரும்.

எதிராளியின் எட்டு சீட்டுகளும் வெளியே தெரிந்துவிட்டன, அவர் எந்த வரிசையில் போட்டார் என்பதும் நினைவிருக்கிறது என்றால், அவர் கையில் இந்த நொடி இருக்கும் நான்கு சீட்டுகளை நாம் அப்படியே சொல்லிவிடலாம். மூடிய கைதான், ஆனால் கணக்குத் தெரிந்தவருக்கு அது கண்ணாடிக் கை.

எலிக்ஸிர் என்ற எரிபொருளும் உண்டு. ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு விலை. 2.8 விநாடிக்கு ஒரு சொட்டு ஊறும், பத்துக்கு மேல் சேராது. கடைசி ஒரு நிமிடத்தில் இரட்டை வேகம். எதிராளியின் எலிக்ஸிர் எவ்வளவு என்று திரையில் காட்ட மாட்டார்கள். ஆனால் அவர் என்ன போட்டார் என்பது தெரியும், என்ன விலை என்பதும் தெரியும். மீதியை மனதுக்குள் கழித்துக்கொண்டே இருக்க வேண்டும். பலசரக்குக் கடை அண்ணாச்சி பேசிக்கொண்டே பில் போடுவதைப்போல.

இதை வைத்து ஆடும் பிரபலமான தந்திரம் ஒன்று உண்டு. ‘லாக்’ என்பது உருளும் மரக்கட்டை. விலை இரண்டு. வழியில் நிற்கும் சின்னச் சின்ன ஆட்களை நசுக்கிவிடும். ‘கோப்ளின் பேரல்’ என்பது பீப்பாய். விலை மூன்று. நேராக எதிராளியின் கோபுரத்தில் விழுந்து மூன்று குட்டிச் சாத்தான்களை இறக்கும். லாக் கையில் இருந்தால் அந்த மூன்றும் க்ளோஸ். அதனால் புத்திசாலி ஆட்டக்காரர் முதலில் பீப்பாயை எறிய மாட்டார். தூரத்தில் நின்று அம்பு எய்யும் ‘பிரின்சஸ்’ சீட்டை இறக்குவார். அவள் தொல்லை தாங்காமல் எதிராளி லாக்கை உருட்டினால் முடிந்தது கதை. இன்னும் நான்கு சீட்டு போடும்வரை லாக் திரும்பாது. பீப்பாய் கிளம்பும்.

எதிராளியும் இதே வித்தையைப் படித்தவர்தான். பிரின்சஸை வேண்டுமென்றே விட்டுவைப்பார், கோபுரம் கொஞ்சம் அடிவாங்கட்டும் என்று. அல்லது பீப்பாய் கிளம்பும் முன்பே ‘இப்போது வரும்’ என்று ஊகித்து லாக்கை உருட்டிவிடுவார். பீப்பாய் தரையைத் தொடும்போது கட்டையும் அங்கே வந்து சேரும். ஊகம் தப்பினால் லாக்கும் போச்சு, இரண்டு எலிக்ஸிரும் போச்சு. அதையும் எதிர்பார்த்து, பீப்பாயைக் கோபுரத்தின் நடுவில் எறியாமல் ஒரு கட்டம் தள்ளி எறிபவர்கள் இருக்கிறார்கள். கட்டை ஒரு பக்கம் உருளும், குட்டிச் சாத்தான்கள் இன்னொரு பக்கம் இறங்கும்.

எல்லாம் ஒன்றிரண்டு விநாடிகளுக்குள். தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு காலத்தில் தினமும் கேட்ட உரையாடல் இதுதான்:

“டேய், சாப்பாடு ஆறுது. அந்த போனைக் கீழ வை.”

“ஒரே நிமிஷம்மா... அவன்கிட்ட லாக் இல்லம்மா இப்போ!”

அம்மாவுக்கு அது புரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அந்தப் பையன் பொய் சொல்லவில்லை.

கெலாபா காடிங்கில் கிளாஷ் ராயல் தங்கத்தை வென்றது சொந்த நாட்டுக்காரரே. இந்தோனேசியாவின் ரிடெல் யெசாயா சுமரண்டாக், அப்போது டீன் ஏஜ் பையன். இறுதிப் போட்டியில் சீனாவின் ஹுவாங் செங்ஹுய் தோற்றார். இந்தியாவின் கரண் மங்கனானிக்கு நான்காவது இடம். நான்காவது இடத்தின் வலி பி.டி. உஷா காலத்திலிருந்தே நமக்குப் பழக்கமானதுதான்.

75 விநாடித் தனிமை

ஹார்த்ஸ்டோன் வேறு மாதிரி. 2014-ல் வெளியான இந்த கேமின் திரையே ஒரு பழைய சத்திரத்து மேஜை போல இருக்கும். அவசரம் இல்லை. ஆளுக்கு 30 சீட்டுகள், 30 உயிர்ப்புள்ளிகள். ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர். ஒரு முறைக்கு 75 விநாடி. நேரம் தீரப்போகும்போது திரையின் நடுவே ஒரு கயிறு பற்றி எரியத் தொடங்கும். முதல் முறையில் ஒரு மானா, இரண்டாவதில் இரண்டு என்று பத்து வரை ஏறும். ஏழு மானா சீட்டு வைத்திருப்பவர் ஏழாவது முறை வரை பொறுக்க வேண்டும்.

இந்தப் பொறுமையைத்தான் எதிராளி படிக்கிறார். எதிரே இருப்பது ‘மேஜ்’ எனப்படும் மந்திரவாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் ‘ஃபிளேம்ஸ்ட்ரைக்’ என்று ஒரு நெருப்பு மந்திரம் உண்டு. விலை ஏழு மானா. மேஜையில் நிற்கும் நம் ஆட்கள் எல்லோருக்கும் ஒரே அடி. ஆறாவது முறையில் அவர் நம் சின்ன வீரர்களைக் கொல்ல முடிந்தும் கொல்லாமல் விட்டார் என்றால், அது கருணை இல்லை. அடுத்த முறை மொத்தமாகக் கூட்டிப் பெருக்கத் திட்டம். உடனே கையில் இருக்கும் மிச்ச வீரர்களை இறக்காமல் ஒளித்துவைக்க வேண்டும். ஏழாவது முறை வந்து, மேஜை நிறைய ஆட்கள் நின்றும் அவர் அந்த மந்திரத்தை வீசவில்லையா? அப்படியென்றால் அது அவர் கையில் இல்லை. தைரியமாக இறங்கலாம்.

எதிராளி செய்ததை எல்லோரும் பார்க்கிறார்கள். செய்யாததைப் பார்ப்பவர்கள்தான் மேடை வரை வருகிறார்கள்.

இன்னொரு துப்பு. எதிராளியின் சீட்டுகள் கவிழ்ந்த நிலையில் திரையின் மேலே தெரியும். புதிதாக எடுத்த சீட்டு எப்போதும் ஒரு ஓரத்தில் போய்ச் சேரும். அதனால் எந்தச் சீட்டு எவ்வளவு நேரமாக அங்கே இருக்கிறது என்று எண்ணலாம். ஆட்டம் தொடங்கும்போது பிடிக்காத சீட்டுகளை மாற்றிக்கொள்ள ஒரு வாய்ப்பு உண்டு. அப்போதும் மாற்றாமல் வைத்துக்கொண்ட சீட்டு ஒன்று, ஐந்து முறை கடந்தும் அசையாமல் இருக்கிறது என்றால், அது எதற்காகவோ காத்திருக்கிறது. மவுஸை ஒரு சீட்டின் மேல் வைத்தால் அது எதிராளியின் திரையிலும் லேசாக ஒளிரும். அனுபவசாலிகள் தேவையில்லாமல் எதையும் தொட மாட்டார்கள். சிலர் உதவாத சீட்டைத் தொட்டுத் தொட்டு யோசிப்பதுபோல பாவனை காட்டுவார்கள். நம்மூர் சீட்டு மேஜையில் உதட்டைக் கடிக்கும் மாமாக்களும் இதையேதான் செய்கிறார்கள்.

‘சீக்ரெட்’ என்ற வகைச் சீட்டுதான் இந்த கேமின் ருசி. போட்டதும் ஒரு கேள்விக்குறியாக மட்டும் மேலே உட்கார்ந்துகொள்ளும். என்னவென்று தெரியாது. நாம் ஏதாவது செய்யும்போது வெடிக்கும். ஒருவேளை அது ‘கவுன்ட்டர்ஸ்பெல்’ என்றால், நாம் அடுத்து வீசும் மந்திரம் எதுவானாலும் வீண். ‘மிரர் என்டிட்டி’ என்றால், நாம் இறக்கும் வீரனின் நகல் எதிராளிக்குக் கிடைக்கும். விவரம் தெரிந்தவர் என்ன செய்வார்? தன்னிடம் இருப்பதிலேயே மலிவான மந்திரத்தை முதலில் வீசிப் பார்ப்பார். இரண்டாவதாக ஆடுபவருக்கு இலவசமாகக் கிடைக்கும் காசு ஒன்று உண்டு, அதுவும் மந்திரக் கணக்குதான். காசு செல்லாமல் போனால் சீக்ரெட் தெரிந்துவிட்டது. பிறகு, கைவசம் உள்ள நோஞ்சான் வீரனை முதலில் அனுப்புவார். நகல் எடுப்பதானால் அந்த நோஞ்சானை எடுத்துக்கொள்ளட்டுமே!

கணக்கை உடைக்கும் சமாச்சாரங்களும் இருக்கின்றன. சில சீட்டுகள் குலுக்கல்போல வேறு சீட்டுகளை வரவழைக்கும், டெக்கில் இல்லாததுகூட வந்து நிற்கும். ‘அதிர்ஷ்ட ஆட்டம்’ என்று இதைத் திட்டுபவர்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். அந்தத் திட்டில் பாதி நியாயம். ஆனால் ஒரு ஆட்டத்தில் கைகொடுக்கும் குலுக்கல், பல ஆட்டங்கள் கொண்ட போட்டியில் கடைசி வரை கூட வராது.

ஆட்டம் தொடங்கும் முன்பே ஊகம் தொடங்கிவிடும். அந்தக் காலத்துப் பெரிய ஹார்த்ஸ்டோன் போட்டிகளில் ஒருவர் பல டெக்குகளோடு வருவார், எதிராளி அவற்றில் ஒன்றை ஆடக்கூடாது என்று தடைசெய்வார். எதைத் தடைசெய்வார் என்று ஊகித்துத்தான் டெக்குகளையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

புஜ் நகரத்துப் பையன்

இந்த மேஜைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர் தீர்த் மேத்தா. குஜராத்தின் கட்ச் பகுதியில் உள்ள புஜ் நகரத்துக்காரர். 2001 நிலநடுக்கத்தின்போது நாம் எல்லோரும் கேள்விப்பட்ட அதே புஜ். தெற்காசியத் தகுதிச் சுற்றைத் தாண்டித்தான் ஜகார்த்தாவுக்கு விமானம் ஏறினார்.

இப்படிப்பட்ட போட்டிகளில் ஒரு விநோதம் உண்டு. பார்வையாளர்களுக்காக வைத்திருக்கும் பெரிய திரையில் இரண்டு பேரின் சீட்டுகளும் தெரியும். அரங்கத்தில் பாப்கார்ன் கொறித்துக்கொண்டிருப்பவருக்குக்கூட ‘ஐயோ, அதைப் போடாதே’ என்று தெரியும். தெரியாதது ஆடும் இரண்டு பேருக்கு மட்டும்தான். கயிறு எரிந்துகொண்டிருக்கும்போது அந்த மேடையில் இருப்பதைவிடத் தனிமையான இடம் கெலாபா காடிங்கில் வேறு இருந்திருக்காது.

ஹார்த்ஸ்டோனில் தங்கம் ஹாங்காங்கின் லோ ட்ஸ் கின்னுக்கு. வெள்ளி இந்தோனேசியாவின் ஹென்ட்ரி ஹந்திசூர்யாவுக்கு. வெண்கலம் தீர்த் மேத்தாவுக்கு. மின்விளையாட்டில் ஆசியப் போட்டி மேடையேறிய முதல் இந்தியர் அவர்தான்.

ஆனால் அந்த வெண்கலம் இந்தியாவின் பதக்கப் பட்டியலில் இல்லை. மின்விளையாட்டு அந்த ஆண்டு ‘காட்சிப் போட்டி’ மட்டுமே. போட்டிகள் நிறைவடைந்தபோது இந்தியாவின் கணக்கு 69 என்று அறிவித்தார்கள். அதில் இது சேரவில்லை. பதக்கம் உண்டு, மேடை உண்டு, கொடி உண்டு, கூட்டலில் மட்டும் கிடையாது. பெற்றோரிடம் காட்டி ‘பார்த்தீங்களா, வீணாப் போகலை’ என்று சொல்ல நினைக்கும் எத்தனையோ பையன்களுக்கும் பெண்களுக்கும் அந்தக் கூட்டல் முக்கியம்.

அடுத்த முறை அதைச் சரிசெய்வதாகத்தான் ஏற்பாடு. சீனாவின் ஹாங்சோ ஆசியப் போட்டியில் மின்விளையாட்டுக்கு முழுப் பதக்க அந்தஸ்து. பட்டியலில் ஹார்த்ஸ்டோனும் இருந்தது. இந்தியாவில் தேர்வுப் போட்டி நடந்து இரண்டு பேர் தேர்வாகிவிட்டார்கள். கொரோனாவால் போட்டி 2022-ல் இருந்து 2023-க்குத் தள்ளிப்போனது. பயிற்சிக்கு இன்னும் ஒரு வருடம் கிடைத்ததே என்று நினைத்திருப்பார்கள்.

அந்த இடைவெளியில்தான் அடி விழுந்தது. சீனாவில் பிளிஸார்டின் கேம்களை நடத்திவந்த நெட்ஈஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. 2023 ஜனவரி 23-ம் தேதியோடு சீனாவில் ஹார்த்ஸ்டோன் சர்வர்கள் அணைந்தன. போட்டி நடக்கும் நாட்டிலேயே கேம் இல்லை என்றால் போட்டி எங்கே நடத்துவது? ஹாங்சோ பட்டியலில் இருந்து ஹார்த்ஸ்டோன் நீக்கப்பட்டது. எதிராளியின் கவிழ்ந்த சீட்டை எண்ணத் தெரிந்தவர்களுக்கு, இரண்டு கம்பெனிகள் வேறொரு மேஜையில் வைத்திருந்த சீட்டை எண்ண வழியே இல்லை. கிரிக்கெட்டிலோ கபடியிலோ இப்படி நடக்காது. மட்டைக்கும் பந்துக்கும் உரிமையாளர் என்று ஒரே ஒரு நிறுவனம் கிடையாது.

2024 செப்டம்பரில் ஹார்த்ஸ்டோன் சீனாவுக்குத் திரும்பியது. ஹாங்சோவில் தீபம் அணைந்து அப்போது ஏறக்குறைய ஒரு வருடம்.

பெற்றோர்களுக்காக ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். காசு கட்டி ஆடும் ஆன்லைன் ரம்மியும் இதுவும் ஒன்றல்ல, இங்கே பந்தயப் பணம் கிடையாது. ஆனால் புதுச் சீட்டுகளை வேகமாகச் சேர்க்க வேண்டுமென்றால் இரண்டு கேம்களுமே காசு கேட்கும். போனில் கார்டு விவரத்தைச் சேமித்துவைத்திருக்கும் அப்பாக்கள் அதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

போக நினைப்பவர்களுக்கு: சென்னையிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூரில் விமானம் மாறி ஜகார்த்தா போகலாம். இந்தியர்களுக்கு விமான நிலையத்திலேயே 30 நாள் விசா கிடைக்கும், கட்டணம் 5,00,000 ரூப்பியா. பூஜ்யங்களைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, நம் காசில் மூவாயிரத்துக்குள்தான். டிரான்ஸ்ஜகார்த்தா பஸ்ஸில் 3,500 ரூப்பியா கொடுத்தால் நகரத்தின் பெரும்பகுதியைச் சுற்றலாம். வெலோட்ரோமில் எல்.ஆர்.டி மாறிக்கொள்ளலாம். ஜனவரி, பிப்ரவரி மட்டும் வேண்டாம். கெலாபா காடிங்கில் அந்த மாதங்களில் முழங்காலுக்குத் தண்ணீர் நின்றாலும் ஆச்சரியமில்லை.

தெருவோரம் ‘கெடாய்’ என்று எழுதியிருக்கும் பலகைகள் கண்ணில் படும். நம்முடைய ‘கடை’தான், கப்பல் ஏறிப்போன சொல். அங்கே ‘எஸ் கெலாபா மூடா’ என்று கேளுங்கள். ஐஸ் போட்ட இளநீர், உள்ளே வழுக்கையும் இருக்கும்.